பாதி இருண்ட கண்ணாடி

உள்ளங்கையளவு சதுரக் கண்ணாடி அது. மேற்பாதி கறுப்பு, நடுவில் கறுப்பு கரைந்து, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடியாகிவிடும். விடியற்காலையில் வானம் முதலில் வெளுக்கும், நிலம் இருட்டிலேயே கிடக்கும். வானத்துக்கு வெளிச்சம் கணக்குப் பார்த்தால் வயல் கரியாகும். வயலுக்குப் பார்த்தால் வானம் வெள்ளைத் தாளாகும். இந்தக் கண்ணாடியைக் கமராவுக்கு முன்னால் பிடித்தால் இரண்டும் ஒரே படத்தில் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, ஸ்டூடியோ வேலையில் கைக்கு வந்த பாடம் இது.

வட்டக்கச்சியில் என் மச்சாள் கலியாணம் முடித்து வெளிநாடு போக இருந்தாள். அவளின் அப்பாவான என் மாமாவுக்கு அதில் விருப்பமில்லை. படத்துக்குக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார். பழைய படங்களெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அப்பாவின் படம் ஒன்றாவது கொண்டுபோக வேண்டும் என்று அவள் தவித்தாள். அவர் வயலில் இறங்கும் விடியல்களில் நான் தூரத்தில் நின்று எடுத்தவற்றில் அவர் வெறும் நிழலாகத்தான் விழுந்தார்.

பயணத்துக்கு முந்தைய விடியலில் அவளோடு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஸ்டாண்ட் சரியுமோ, லென்ஸில் பனி படியுமோ, பற்றரி இறங்கிவிடுமோ என்று எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கண்ணாடியைப் பொருத்தும் சட்டம் உடைந்திருந்ததால் கையால் பிடித்தேன். கை நடுங்கியது.

“என்ன மச்சான், பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி நடுங்கிறாய்?”

“பகிடி விடாதை. கண்ணாடியின்ர கறுப்பு கோடாய் விழுந்தால் படம் பழுதாப் போயிடும்.”

“அப்பான்ர முகம் தெரிஞ்சால் காணும். கோடு விழுந்தால் விழட்டும்.”

மடையைத் திறந்துவிட்டு மாமா நிமிர்ந்தார். எங்களைக் கண்டுவிட்டார். திரும்பிவிடப் போகிறாரே என்ற பதற்றத்தில் அழுத்திவிட்டேன். அந்த மங்கலில் கமரா சில விநாடிகள் கண் திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் அசைந்தால் ஆள் புகையாகிவிடுவார்.

படத்தைத் திரையில் பார்த்தோம். என் கை நடுங்கியதாலோ என்னவோ, கறுப்பு எங்கும் கோடாக விழாமல் வானத்தோடு கலந்திருந்தது. காற்றில் ஆடிய நெல்லெல்லாம் கலங்கியிருந்தது. அதன் நடுவே மாமா மட்டும், எங்களைப் பார்த்த முகத்தோடு, மண்வெட்டிப் பிடியில் வைத்த விரல்கூடத் தெளிவாக நின்றார்.

மச்சாள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அப்பா அசையேல்லை மச்சான். எனக்காண்டி நிண்டிருக்கிறார்.”

மாமா இன்றில்லை. நான் புளியங்குளம் வரை போய்க் கலியாணப் படம் எடுக்கிறேன். மாப்பிள்ளை, பொம்பிளை, சின்னப்பிள்ளைகள் என்று எல்லாரிடமும் “கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ” என்று கெஞ்சியே நாள் போகிறது. மாமாவிடம் அன்று அதை யாரும் சொல்லவில்லை.