டிப்போ குரைக்காத சனிக்கிழமை

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டு ஜனங்கள் என்னைப் பற்றி ஒரு பொய்யைப் பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குணேஸ்வரி அக்காவின் நாய்மேல் புகார்க் கடிதம் எழுதிப் போட்டவன் நான்தானாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "நாய்மேல கேஸ் போட்டவரு வந்துட்டாரு, ரெண்டு வடை சேத்து வைங்க" என்கிறான் ஒருத்தன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும் போனவன். அந்தக் கடிதம் மலாயில், டைப் அடித்து வந்தது. லோரி ஓட்டுகிறவன் வீட்டில் டைப் மெஷின் வைத்துக்கொண்டா இருப்பான்?

நான் கத்தினேன். அது உண்மை. நிறையக் கத்தினேன். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு முடித்து, காலை ஆறு மணிக்கு வந்து படுப்பவன் நான். அக்கா ஐந்தரை பஸ்ஸுக்கே போய்விடுவார். நான் பாயை விரிக்கும் நேரம் பார்த்து அவர் நாய் ஆரம்பிக்கும். ஐந்து வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுத் தாளிப்பும் வரும், தும்மலும் வரும், குரைப்பும் வரும். சுவரைப் பார்த்து நானும் குரைத்திருக்கிறேன். அதற்காக எழுதிப் போட்டேன் என்றால் எப்படி?

அக்கா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அக்கா பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா போன பிறகு, வாடகை குறைச்சல் என்று எங்கள் வரிசைக்கு வந்தார். கல்யாணம் இல்லை. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுக்கு ஹலோ சொல்லிவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்தால் மனிதர்களோடு பேசப் பிடிக்காது. நாயோடுதான் பேச்சு. கிள்ளான் பஸ் டிப்போவில், மழையில், டிக்கெட் கவுண்டருக்குக் கீழே கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துத் தூக்கி வந்தவர். அதனால் அதற்கு டிப்போ என்று பெயர். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும்.

எண்பத்தைந்தாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம், வீட்டுக்காரர் சாத்தப்பன் செட்டியார் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"ரெண்டு வாரம் தர்றேன் தாயி. நாய அனுப்பிடுங்க. இல்லைன்னா வீட்டக் காலி பண்ணுங்க. வரிசையில இருக்கறவங்க தூங்க வேணாமா?"

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு ஆபீசில் பேசுகிற குரலில் பேசினார். "அது குரைக்காட்டி?"

"குரைக்காத நாய நான் பாத்ததில்லையே."

"அப்ப நீங்களே வந்து கேளுங்கோ. ரெண்டு கிழமை கழிச்சுச் சனிக்கிழமை. பத்து மணியில இருந்து பன்னிரண்டு மணி மட்டும். நான் வீட்டில இருக்க மாட்டன். ஒருக்கால் குரைச்சாலும் நாய் பிடிக்கிற லோரியில நானே ஏத்தி விடுறன்."

நாய் பிடிக்கிற லோரியில் போன நாய் திரும்பாது. இது எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். செட்டியாருக்கே முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். எந்த வீட்டில் உட்கார்ந்து கேட்பது? சுவர் ஒட்டிய வீடு, என் வீடு.

அன்றைக்கே வரிசை முழுக்க என்னைத்தான் முறைத்தது. நாய் போனால் பழி என் தலையில். சாகிறவரைக்கும் கழுவ முடியாது. சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, எனக்கு நாயின்னா ஆகாது. ஆனா இது போகக்கூடாது. என்னா செய்யணும், சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அது கோபத்தில குரைக்கேல்லை. வேலை இல்லாமல் குரைக்குது. ஒரு கோலும் வராமல் நாள் முழுக்க டெலிபோன் போர்டுக்கு முன்னால குந்தியிருந்தா எனக்கும் கத்தத்தான் வரும். அதுக்கு ஒரு வேலை குடுக்க வேணும்."

நாய்க்கு என்ன வேலை? சாப்பாடுதான் வேலை. தட்டில் போட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். எதற்குள்ளாவது அடைத்து, நக்கி நக்கி எடுக்க வைத்தால் நேரம் போகும். அக்கா யோசித்து வைத்திருந்தது அதுதான்.

முதலில் கண் தோண்டிய தேங்காய்ச் சிரட்டை. கால் மணி நேரத்தில் கடித்துத் துப்பிவிட்டது. அடுத்து, ஓட்டை போட்ட பால்மாவு டின். சிமெண்டுத் தரையில் அதை உருட்டியது பாருங்கள், கடகட கடகட என்று என் மண்டைக்குள் கல் லோரி ஓடியது. தாங்க முடியாமல் சாயங்காலம் சுவர் வழியாகக் கத்தினேன்: "அக்கா, அதுக்கு அது குரைக்கவே குரைக்கட்டும்!"

அப்போதுதான் எனக்குக் குழாய் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் கப்பலுக்குப் பாமாயில் ஏற்ற ரப்பர் குழாய் மாட்டுவார்கள். தின்னுகிற எண்ணெய் போகிற குழாய், கெடுதல் இல்லை. புதுசு மாட்டும்போது மிஞ்சிய துண்டை போர்மேனிடம் கேட்டு வாங்கி வந்தேன். என் மணிக்கட்டு கனம். ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்து, ஒரு முனையைக் கட்டையால் இறுக அடைத்து, வெந்நீரில் நன்றாக வேகவைத்தேன். டிப்போ ஒரு மணி நேரம் கடித்துப் பார்த்தது. பல் தடம்கூடப் பதியவில்லை. நான் கை தட்டினேன் என்று மூன்றாவது வீட்டு இராஜம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு சிக்கல். அக்கா தைப்பூச விரதம். கவிச்சி வாசனையே அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. பருப்புச் சோறு அடைத்துப் பார்த்தோம். டிப்போ மோந்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. "தம்பி, முருகனுக்கு விரதம் இருக்கிறது நான். நாய் இல்லை" என்றார் அக்கா. அதனால் அடைக்கிற வேலை என் வீட்டுக்கு வந்தது. உப்புப் போகக் கழுவி வேகவைத்த நெத்திலியைச் சோற்றில் பிசைந்து, விரலால் திணித்து, சுவருக்கு மேலே நீட்டுவேன். அக்கா அடுப்பு இடுக்கியால் பிடித்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு வாங்குவார்.

இருபது நிமிஷம்! அவ்வளவு நேரம் அது வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று இருபது அறுபதுதானே. மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது?

வழி சொன்னது இராஜம்மா. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐஸ் பாக்கெட் விற்கிறவள். "ஏண்ணே, என் ஐஸ் பெட்டியில ஒரு ராத்திரி போட்டுப் பாருங்களேன். கல்லு மாதிரி ஆயிரும். கடிக்கட்டும் பாப்போம்."

மறுநாள் பாயில் படுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம். இருபது. முப்பது. சுவருக்கு அந்தப் பக்கம் சளப் சளப் என்று நக்குகிற சத்தம் மட்டும். நாற்பத்தைந்து நிமிஷம்! நாய் குரைத்த நாளில்கூட நான் கொஞ்சம் தூங்கியிருக்கிறேன். குரைக்காத அன்றைக்குத்தான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அக்கா மூன்று குழாயையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. ஒன்று சமையலறைத் தரையில். ஒன்று பழைய ஆபீஸ் பைக்குள். ஒன்று குளிக்கிற அறையில் கவிழ்த்த வாளிக்கு அடியில். தேடுகிறதும் வேலைதானே! கதவைப் பூட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். செட்டியார் என் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வரிசையே என் வாசலில் கூடிவிட்டது. நாங்கள் யாரும் சத்தம் போடக்கூடாது என்பது பேச்சு.

பத்து மணி. சளப் சளப். செட்டியார் காதைச் சாய்த்தார். "என்னய்யா அது?" என்று கிசுகிசுத்தார்.

"வேலை பாக்குது" என்றேன்.

பத்தே முக்காலுக்குத் தபால்காரன் மோட்டார் சைக்கிள். டிப்போவுக்கு ஜென்மப் பகை அவன்தான். நக்குகிற சத்தம் நின்றது. உர்ர்ர்... செட்டியார் விரலைத் தூக்கினார்.

இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டே சண்டைக்குப் போனாள். "உறுமுறது குரைக்கிறதா செட்டியாரே? நீங்ககூடத்தான் வாடகை கேக்க வந்தா உறுமுறீங்க. நீங்க குரைக்கிறீங்கன்னு நாங்க சொல்றோமா?"

செட்டியார் விரலை மடக்கிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் போனது. பைக்குள் இருந்ததைக் கண்டுபிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. நான் தொடையில் குத்திக்கொண்டேன்.

பதினொன்றரை. இரண்டாவதும் முடிந்துவிட்டது. நகம் தரையில் டிக் டிக் என்று நடந்தது. மூன்றாவதைக் காணவில்லை! மெல்ல ஒரு முனகல். வாளியடா, வாளி! சொல்ல முடியுமா? செட்டியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "எங்கப்பா போச்சு?" என்று என்னைக் கிள்ளினார்.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் பழைய பேப்பர் வாங்குகிற லோரி திரும்பியது. கூரையில் கட்டிய ஸ்பீக்கர் ஊரே அதிர அலறியது: "சூராட் காபார் லாமா! பேப்பர் லாமா!"

முடிந்தது என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது நாற்காலி காலி. செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல், இரண்டு கையையும் ஆட்டியபடி நடுத்தெருவில் ஓடுகிறார்! "டியாம்! டியாம்லா! சத்தம் போடாதே!"

லோரிக்காரச் சீனன் பயந்துபோய் ஸ்பீக்கரை அணைத்தான். கூட்டத்தையும் அமைதியையும் பார்த்து, "சியாப்பா மாத்தி?" என்று கேட்டான். யார் செத்தது என்று கேட்கிறான்! யாரும் சாகவில்லை, நாய் சாப்பிடுகிறது என்று இராஜம்மா மலாயில் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு லோரியை உருட்டிக்கொண்டு போனான்.

உள்ளே டமார் என்று வாளி விழுந்தது. பிறகு சளப் சளப் சளப்.

"கெடைச்சிருச்சா? கெடைச்சிருச்சா?" என்று மூச்சு வாங்க ஓடி வந்தார் செட்டியார்.

பன்னிரண்டு மணிவரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பன்னிரண்டு நாலுக்கு அக்கா கேட்டைத் திறந்தார். டிப்போ வீடே இடிய குரைத்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார். செட்டியார் கடிகாரத்தைக் கையில் மாட்டிக்கொண்டார். "மணி பன்னண்டு தாண்டிருச்சு தாயி. இனி குரைச்சா எனக்கென்ன?" காரில் ஏறும்போது என்னை ஓரமாக அழைத்து, தன் வீட்டு நாய்க்கும் ஒரு துண்டுக் குழாய் கிடைக்குமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். "நீங்களும் நாந்தான் எழுதிப் போட்டேன்னு நெனைச்சீங்களாக்கா?"

"அந்தக் கடிதத்தைச் செட்டியார் எனக்குக் காட்டினவர். ஒரு பிழை இல்லை. நல்ல மரியாதையான எழுத்து. உங்கட வேலை இல்லையெண்டு அப்பவே தெரியும்" என்றார். எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கிறவர் இல்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம், தினமும் சுவருக்கு மேலே குழாய் போனது, குழாய் வந்தது. விரதம் முடிந்த பிறகும் அடைக்கிற வேலை என்னிடமே நின்றுவிட்டது. நான் நன்றாகத் தூங்கினேன். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். டிப்போவுக்கு முகம் நரைத்தது.

தொண்ணூற்றாறில் அக்காவுக்கு நெஞ்சு வலி. டாக்டர் ஆப்பரேஷன் என்றார். அந்த ஆப்பரேஷனிலிருந்து அக்கா வீடு திரும்பவில்லை. டிப்போ என் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு அதுவும் போய்ச் சேர்ந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக டாக்சி வந்த காலையில், பையைப் பின்னால் வைத்துவிட்டு நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, இனி ஐஸ் பெட்டியில வைக்க வேண்டாம். அதுக்குப் பல்லு இல்லை. சோத்தைக் குழைச்சு, குழாய்க்குள்ள இறுக்காமல் வையுங்கோ. இடைக்கிடை என்னைத் தேடிக் குரைக்கும். பகலில உங்கட நித்திரை கெடும், தெரியும். ஆனாலும் குரைக்கட்டும், விடுங்கோ."