ஃபார்மேட் செய்யவா என்று கேட்ட பென் டிரைவ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வரைகிறேன். வரைந்ததைப் பென் டிரைவில் போட்டு, தோல் வெட்டும் மெஷினுக்கு எடுத்துப் போவோம். அன்று சின்னத் திருத்தம்தானே என்று பென் டிரைவிலேயே ஃபைலைத் திறந்து மாற்றினேன். சேவ் கொடுத்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் ஓடியதும் நிம்மதியாகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது ஒழுங்காகத்தான் வந்தது. பென் டிரைவோ, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. இடம் அடைக்கிறதென்று கம்ப்யூட்டரில் இருந்த டிசைன்களை முந்தின நாள்தான் அழித்திருந்தேன்!

பதற்றத்தில் ஓகே அழுத்தப் போனேன்.

“கை வெக்காதம்மா! மொத்தமும் போய்டும்” என்று கத்தினார், கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் இம்ரான் அண்ணன். “கம்ப்யூட்டர் டிஸ்க்கு, இன்னா எழுதப்போவுதுன்னு முன்னாடியே குறிச்சு வெச்சுக்கும். பாதியில கரண்ட் போனா அதப் பாத்து சரி பண்ணிக்கும். பென் டிரைவுக்கு அந்த வசதி இல்லம்மா. அதுலயேவா வேல பண்ணுவ?”

அவர் மீட்டுக் கொடுத்ததில் எல்லாம் கிடைத்தன, நான் திருத்திய ஃபைலைத் தவிர.

இப்போது கம்ப்யூட்டரில் வேலையை முடித்து, பென் டிரைவுக்கு நகல் மட்டும் எடுக்கிறேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் மற்றவர்கள் ‘அப்பாடா’ என்கிறார்கள். நானோ முதலில் பென் டிரைவைச் செருகி, அது திறக்கிறதா என்று பார்க்கிறேன்.