புழுக்கத்துக்கு ஒரு சேலை

கோவில்பட்டி மெயின் ரோட்டில் கண்ணபிரான் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, "ஊதுற அக்கா இருக்காவளா?" என்று கேட்டால் போதும், செண்பகவல்லி வந்துவிடுவாள். சேலையை உதட்டருகே பிடித்து ஒரு ஊது ஊதுவாள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று மெல்லப் பட்டால் சேலை பாதி பாஸ். பிறகு வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். காற்று போகணும், வெயில் போகக்கூடாது. இதில் தேறாத துணியை அண்ணாச்சியே ஆசையாக வாங்கி வந்திருந்தாலும் சரி, முகத்துக்கு நேரே, "இத ஜன்னலுக்குத் தொங்க விடுங்க அண்ணாச்சி" என்பாள்.

புதூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள் அவள். நைலான் சேலை உடுத்தி வந்தால் அங்கே கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தீப்பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளுமாம். எது காட்டன், எது கலப்படம் என்று சந்தேகம் வந்தால் செண்பகவல்லியைக் கூப்பிடுவார்கள். தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பதினாறு வருஷம் அப்படி. அப்புறம் இந்தக் கடை.

கடையில் சேர்ந்த அன்றைக்கே, வாய் சும்மா இருக்காமல் ஒரு சபதம் போட்டாள். "நான் எடுத்துக் குடுத்த சேலை ஒண்ணே ஒண்ணு சரியில்லன்னு திரும்பி வரட்டும், அன்னைக்கே படியிறங்கிருவேன்."

பன்னிரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. போன மே மாதம் வந்தது.

கொண்டு வந்தவர் எபநேசர். குளத்தூருக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி அஞ்சலின், ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறாள். சர்ச் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இருபத்திரெண்டு பெண்களும் ஒரே மாதிரி சேலை உடுத்திப் பாட வேண்டும். மாதிரிக்கு ஒன்று கேட்டார். செண்பகவல்லி ஊதிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, நெருக்கமாக நெய்த, கஞ்சி போட்ட காட்டன் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். நாலாம் நாள் அதே பையோடு நெளிந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. உடுத்தி அரைமணி நேரத்துல முதுகோட ஒட்டிக்கிடுதாம். சாயங்காலம் துவைச்சுப் போட்டது காலையிலயும் ஈரமாக் கெடக்குன்னு அஞ்சலின் சொல்லுதா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் மீசைக்குள் சிரித்தார். "விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும். அந்தச் சபதத்தையெல்லாம் இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? முகம் சிவந்துவிட்டது. "போறதுதான் போறேன் அண்ணாச்சி, என்னத்துக்குத் திரும்பி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்றாள். நாலு விதமான காட்டனில் துண்டு வெட்டி, கைக்குக் கிடைத்த ஒரு துணியில் மூட்டை கட்டி, மறுநாள் காலையில் எபநேசர் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

கோவில்பட்டி வெயில் அடிக்கிற வெயில். வேர்வை துளிர்த்ததும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்தில் இறங்கியதும் இட்லிக் கொப்பரைக்குள் இறங்கியது மாதிரி இருந்தது. இங்கே வெயில் அடிக்கவில்லை, அவித்தது. அஞ்சலின் வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுடைய கெட்டிச் சேலை தொப்பலாக நனைந்து, கஞ்சி இளகி, காலைச் சுற்றிக்கொண்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டுக்குப் பின்னால் கொடியில் துண்டுகளை நனைத்துக் காயப்போடச் சொன்னாள் செண்பகவல்லி. அஞ்சலின் நாலோடு சேர்த்து மூட்டை கட்டி வந்த துணியையும் நனைத்துப் போட்டுவிட்டாள். பாட்டுக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். எது முதலில் காயும் என்று ஆளாளுக்கு ஒரு துண்டின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "ஓட்டப் பந்தயம்லா நடக்குது!" என்று கைதட்டினாள் குழுவில் மூத்தவளான நேசம்மாள்.

நாலு துண்டும் சொட்டிக்கொண்டிருக்கையிலேயே ஐந்தாவது காய்ந்து படபடவென்று ஆடியது. மூட்டை கட்டிய மல் துணி! தயிர் வடிகட்டவும் பிள்ளைக்கு விரிக்கவும் கடையில் கிழித்துக் கொடுப்பது. அதிலேயே சேலையும் வரும். வெளிச்சத்தில் தூக்கினால் அந்தப் பக்கத்து மனுஷன் தெரிகிறான் என்று இதுவரை ஒருத்தருக்கும் அவள் காட்டியதில்லை.

அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். கடற்காற்று அவ்வளவும் உள்ளே வந்தது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க ஊருல வெயில மறைச்சாப் போதும். இங்கன காத்த உள்ள விடணும், சட்டுனு காயணும். இது தெரியாம இத்தனை வருசமா ஊதிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க!"

நேசம்மாள் துணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் சரித்தான். இத உடுத்தி நின்னா மேல இருக்கிறவருக்கு மட்டுமில்ல, வாசல்ல நிக்கிறவனுக்கும் எல்லாம் தெரியுமே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "கருநீலத்துல, பூ நெருக்கமா விழுந்தது இருக்கு, மதினி. ஒண்ணும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் செண்பகவல்லி.

இருபத்திரெண்டு கருநீல மல் சேலை போனது. பண்டிகை முடிந்த மறுநாள் கடைக்கே போன் வந்தது. நெரிசலில் ரெண்டு மணி நேரம் பாடினோம், ஒருத்தியும் முந்தானையை உதறவில்லை, அடுத்த வருஷமும் நீங்கதான் எடுத்துத் தரணும் என்று அஞ்சலின் மூச்சு விடாமல் பேசினாள். செண்பகவல்லிக்கு மனசு நிறைந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் அண்ணாச்சி.

"சேலை ஒண்ணு திரும்பி வந்துச்சுல்லா. பண்டிகை முடியட்டும்னு இருந்தேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. வாரேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "ஏம்மா, நான் வெளையாட்டுக்குல்லா..." என்று எழுந்தவர், கல்லா மேஜையில் முட்டி இடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, சட்டை வேண்டுமென்று இளந்தாரி ஒருத்தன் வந்து நின்றான். துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போகிறான். கடைப் பெண் இசக்கிச்செல்வி நல்ல கெட்டிக் காட்டனாகப் பார்த்து எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி அவர்களைத் தாண்டி வாசல் வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பினாள்.

"தம்பி, அங்கன கடல் இருக்கா?"

"கடலோரந்தாங்கக்கா."

பையை மேஜை மேல் போட்டாள். "ஏட்டி இசக்கி, அத மடிச்சு வை. மேல்தட்டுல மெல்லிசு கெடக்கும் பாரு, இறக்கு."

கண்ணபிரான் அண்ணாச்சி சத்தங்காட்டாமல் அந்தப் பையை எடுத்து, கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார்.