வாரேன் மேடம்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. பதினாறு வருடமாகக் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கிக்கொண்டிருப்பவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பிக்கை இல்லாதவர்கள் ராமநாதபுரத்துக்கு வாருங்கள், பதிவேட்டைக் காட்டுகிறேன். போன நவம்பர், மூன்றாவது வியாழன் பக்கம். ஒன்பது கையெழுத்து இருக்கும். அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும்.

என் பெயர் சேதுலட்சுமி. வியாழக்கிழமை தோறும் மூன்றரை மணிக்கு நூலகத்தில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று பெயர்தான், பார்ப்பதெல்லாம் ஆள் பிடிக்கிற வேலை. வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு பேர். புதன்கிழமை இரவு கேட்டால் 'வாரேன் மேடம்', 'வாரேன் மேடம்' என்று வரிசையாக வந்து விழும். கூடவே ஆளுக்கொரு ரோஜாப்பூ. மறுநாள் போய்ப் பார்த்தால் காலி நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். வருகிற ஏழெட்டுப் பேரும் படித்துவிட்டு வரமாட்டார்கள். "புத்தகம் எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "அட்டை நல்லாருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி. தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பிரின்ஸிபால் வேறு. பத்துப் பேர் கூட வராத கூட்டத்துக்கு எதற்கு அந்த அறை, போட்டித் தேர்வு வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆறு வருடம் பாடுபட்டு வளர்த்த வட்டம் அது. அதுவும் போய்விட்டால் எனக்கு அங்கே தூசி தட்டுவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஒரு வியாழன் ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாக அட்டெண்டர் மூக்கையா அண்ணனை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினேன். மாட்டிக்கொண்டேன்.

"வர்ற வியாழன் பத்து ஸ்டூடண்ட்ஸ். ஒண்ணு குறைஞ்சாலும் மூடிருவோம் மேடம்" என்றார் பிரின்ஸிபால்.

ஒன்பது பேர் உறுதி. பத்தாவது ஆளாக நான் நினைத்திருந்தது பூமயிலை.

பூமயில் வரலாறு இரண்டாம் ஆண்டு. சிக்கல் பக்கம் ஒரு கிராமம். வட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் புத்தகத்தை முதல் ஆளாக வந்து வாங்கிப் போவாள். சொன்ன தேதியில் திருப்பித் தருவாள். ஆனால் ஒரு வியாழன் கூட வந்ததில்லை. "இந்த வாட்டி கண்டிப்பா வாரேன் மேடம்" என்பாள். இரண்டு மணிக்கு வகுப்பு விட்டதும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். ஏன் ஓடுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. திமிர் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமையும் 'வாரேன் மேடம்' என்று போட்டிருந்தாள். அதன் பிறகு பேச்சே இல்லை.

வியாழன் காலை. நல்ல மழை. சிக்கல் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் கல்லூரிக்கு வரவில்லை. மழைக்குப் பயந்து நின்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். எரிச்சல் தாங்கவில்லை. 9:10-க்கு பூமயிலுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்.

"வாரேன் வாரேன்னு எத்தனை வாட்டி ஏமாத்துவ? இன்னைக்கு நீ வந்து கையெழுத்துப் போடலைன்னா பேரை வெட்டிருவேன். இழுத்துப் போத்திப் படுத்துக் கிடக்காம எந்திரிச்சு வா!"

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

மூன்றரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு பேசினேன். 4:20-க்கு அந்த ஒன்பதும் பஸ் என்று எழுந்துவிட்டது. 4:25-க்குக் கரண்ட் போனது. மூக்கையா அண்ணன் டீக்கடைக்குப் போனார். நான் பதிவேட்டில் பத்தாவது வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்றிருந்தது.

மணி 4:41. மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

சரக்... சரக்... சரக்...

வராந்தாவில் யாரோ நடந்து வரும் சத்தம். ஆனால் நடை மாதிரி இல்லை. இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வருவது போல...

வாசலில் பூமயில் நின்றாள்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எல்லாரும் போன பிறகு வந்து நிக்கிற! அறிவிருக்கா உனக்கு?"

அதே சிறு நடையில் உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும் சுடிதார் போடுகிறவள், அன்று அரக்கு நிறத்தில் புதுச்சேலை கட்டியிருந்தாள். மடிப்புக் கூடக் கலையவில்லை. தாடைக்கு அடியில் வெள்ளைத் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிந்திருந்தாள்.

"பல்வலியா?"

தலை கூட அசையவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதை நான் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. பத்தாவது கையெழுத்து வந்துவிட்டது என்பது மட்டும்தான் ஏறியது.

"சரி, புத்தகத்தைப் படிச்சியா? எது பிடிச்சது?"

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் இமைக்கவில்லை.

"வராதவ வந்திருக்க, வந்தும் வாயைத் திறக்க மாட்டேங்கிற. நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசுறேன்?"

சாம்பிராணி வாசனை வந்தது. நூலகத்தில் சாம்பிராணி போடுவதில்லை.

பதிவேட்டை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன். பேனாவைக் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை. பேனா கீழே விழுந்தது. டக். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. டக்.

"காலேஜ் படிக்கிற பிள்ளை கைநாட்டா வைக்கப் போற? இந்தா, வை!"

முத்திரை குத்துகிற ஊதா மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். கடுப்பில் சொன்னதுதான். அவள் வலது கட்டைவிரலை மையில் அழுத்தினாள். பத்தாவது வரியில் வைத்தாள். பதிவேட்டைப் பிடித்திருந்த என் கையில் அவள் கை பட்டது.

ஜில்...

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். நெற்றியில், திருநீற்றுக்கு நடுவே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக ஒரு அச்சு.

பதிவேட்டை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்தாள். சரக்... சரக்... வாசல் வரை போனாள்.

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே. பிள்ளைகள் சொல்லாமல் கிளம்பினால் எனக்குப் பிடிக்காது. வாய் தன்பாட்டுக்குச் சொல்கிறது:

"வாரேன்னு சொல்லிட்டுப் போகணும்னு தெரியாதா?"

நின்றாள்.

திரும்பினாள்.

கை மெதுவாக மேலே போனது... உச்சந்தலை முடிச்சை இழுத்தது...

துணி நெகிழ்ந்தது.

"வாரேன்... மேடம்."

4:55. கரண்ட் வந்தது. வாசலில் யாரும் இல்லை.

மூக்கையா அண்ணன் டீயோடு படியேறி வந்தார். வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்.

அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல்வலி. குளிர். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பாள். யாராவது வண்டியில் இறக்கிவிட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பதிவேட்டை பிரின்ஸிபாலிடம் கொண்டுபோனேன். கைநாட்டைப் பார்த்துச் சிரித்தார். பத்து என்று எண்ணினார். வட்டம் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

பத்தே காலுக்கு யுவராணி வந்தாள். பூமயிலின் வகுப்புத் தோழி. முகம் வீங்கியிருந்தது.

"மேடம், பூமயில் போயிட்டா... நாலு நாளா காய்ச்சல். புதன்கிழமை ராத்திரி மதுரைக்குக் கொண்டு போகயில வழியிலயே... நேத்து சாயந்தரம் அஞ்சரைக்கு எடுத்துட்டாக. நாங்க எல்லாம் அங்கனதான் இருந்தோம்."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். என் குரல் பதிவுக்குப் பக்கத்தில் மைக் நீலமாகியிருந்தது. கேட்கப்பட்ட நேரம், வியாழன் மாலை 4:38.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அம்மா சோணையம்மாள் என் குரலைக் கேட்டதுமே நிமிர்ந்தார்.

"நீங்கதானா அந்த மேடம்? ஒங்க பேச்சு போன்ல இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ள அமுக்கிக் குடுத்துச்சு. நாந்தேன் அவ காதுல வச்சேன். 'மேடம் கூப்புடுறாக, எந்திரி ஆத்தா, பேரை வெட்டிருவாகளாம்'னு... சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"வியாழக்கிழமை ஆனா ஒங்க கூட்டத்துக்குப் போறேன்னு அழுவா. நாந்தேன் விடல. மொளகாய்க் காட்டுக்கு ஆளு வேணும்ல? ரெண்டே கால் பஸ்ஸுக்கு வந்துரணும்னு சொல்லிருவேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திமிர் என்று நினைத்தேனே, பாவி!

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்.

"ஒரு சங்கதி மேடம். யாருட்டயும் சொல்லல. எடுக்குறதுக்கு முன்னாடி குளிப்பாட்டயில பாத்தேன். வாய்க்கட்டு அவுந்து கெடந்துச்சு. வலது கை கட்டைவெரல்ல ஊதா மை. எம்புட்டுத் தேச்சும் போகல. அது எப்படி மேடம் வந்துச்சு?"

பதிவேட்டின் பத்தாவது வரி கண் முன்னால் வந்தது. என்ன சொல்வது?

எழுந்தேன். பழக்கத்தில் "வாரே..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று என் கையை அழுத்தினாள்.

"கேத வீட்டுல வாரேன்னு சொல்லக் கூடாது மேடம். சொல்லாமக் கெளம்புங்க."

சொல்லாமல் கிளம்பினேன். ரோடு வரை போனபோது சோணையம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அவ பேரை மட்டும் வெட்டிராதீக மேடம்!"

வெட்டவில்லை. குழுவில் இன்றைக்கும் நாற்பத்திரண்டு பேர். புதன்கிழமை இரவு இன்றைக்கும் பூவோடு வாரேன் மேடம் என்று போடுகிறார்கள், மறுநாள் வருவதில்லை. நான் இப்போது யாரையும் திட்டுவதில்லை. கிளம்பும்போது யாரையும் சொல்லச் சொல்வதுமில்லை.

இத்தனை பேரில் சொன்ன சொல்லுக்கு வந்தவள் பூமயில் ஒருத்திதான்.

அன்றைக்குப் போகும்போதும் அவள் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.