செல்வி திறக்கவைத்த கதவுகள்

திருப்பதியில் ஏரிக்கரைக் குடிசைகளுக்குள் மழைநீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று வீடு வீடாக அளந்து, தண்ணீர் அதிகம் ஏறும் வீடுகளைப் பட்டியல் எடுத்தேன். வடிகால் கட்டத்தான் என்றார் என் மேலதிகாரி. நகரியிலிருந்து பிழைக்க வந்த இட்லிக்கடை செல்வி, அரசாங்க ஆள் என்று பயந்தவர்களிடம் எனக்காகப் பேசிக் கதவைத் திறக்கவைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, என் பட்டியலோடு புல்டோசர் வந்தது. மேலதிகாரியிடம் ஓடினேன்.

"ஆபத்தான வீடுங்கன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்றார். அங்கே நட்சத்திர ஓட்டல் வரப்போவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

செல்வி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது செல்வி, என்னை ஏமாத்திட்டாங்க" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "உன்ன நம்பித்தான்கா எல்லார் கதவையும் தட்டிக்கினு வந்தேன். இப்ப அவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

இன்றும் இதே வேலைதான் செய்கிறேன். ஆனால் அன்று நான் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல அதன்பின் எனக்கு வாய் வந்ததில்லை.