இனிஷியல் இல்லாத மல்லிகா

போன செவ்வாய்க்கிழமை என் வேலை போச்சுன்னே நினைச்சேன்!

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கிளார்க் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாத சங்கதி – மூணு மாசமா எங்க ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஏசி அதுக்கு மட்டும். நாங்க ஃபேனுக்குக் கீழே. போகட்டும்.

டெம்பரரி ஆளுங்களுக்குத் தலைக்கு ஒரு ஃபைல் போடச் சொன்னாங்க. ஃபைலுக்கு எட்டு எழுத்துக்குள்ள ஒரு பேர், அப்புறம் ஒரு புள்ளி, அதுக்குப் பின்னால் குட்டியா ஒரு வால். அது எந்த வகை ஃபைல்னு காட்டத்தான் அந்த வாலாம். எனக்கு யார் சொன்னா? நம்ம ஊர்ல பேர் பக்கத்துல புள்ளி வந்தா அது இன்னா? இனிஷியல்தானே! செல்வி புள்ளி கே, செல்வி புள்ளி எம்னு அடிச்சுத் தள்ளிட்டேன்.

ஒருத்திக்கு மட்டும் வால் இல்லை. மல்லிகா. ஷூவோட மேல்பாகம் தைக்கிற பொண்ணு. அவ கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா விட்டுட்டுப் போய்ட்டார். பெர்மனென்ட் ஆக்குற ஃபாரத்தில் இனிஷியல் கட்டத்தைக் காலியா விட்டிருந்தா. மேனேஜர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டார். இந்த மாசத்துக்குள்ள ஃபாரம் ஓகே ஆகலைன்னா அவளுக்கு வேலையே கிடையாது.

"ஏதாவது ஒரு எழுத்தைப் போட்டுத் தொலையேன்டி!" – நானே திட்டினேன்.

"எங்கம்மா தோல் மண்டியில வேலை செஞ்சு என்னை வளர்த்தாங்கக்கா. ஓடிப்போன ஆளோட எழுத்தை நான் எதுக்குப் போடணும்?"

பதில் சொல்லுங்க பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் அன்வர் சார் வந்தார். "வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரங்க வர்றாங்கம்மா. மெஷினுக்கு மெஷின், தைக்கிறவங்க பேர் ஒட்டணும். கம்ப்யூட்டர்ல லிஸ்ட் எடு. இனிஷியல் வேணாம், பேர் மட்டும். எழுத்து ஜாஸ்தியானா அவங்களுக்குப் பேஜார்."

பாருங்க நியாயத்தை! ஃபாரத்துக்கு இனிஷியல் இல்லாம ஆகாது. வெள்ளைக்காரன் வந்தா இனிஷியலே ஆகாது...

ஃபைல் பேரையெல்லாம் காட்டச் சொல்ற கட்டளை DIR; கூட * போட்டா எந்தப் பேரா இருந்தாலும் சரின்னு அர்த்தம். வாலை வெட்டிட்டுப் பேரை மட்டும் காட்டுன்னு சொல்றதா நினைச்சு DIR *. அடிச்சேன். புள்ளிக்குப் பின்னால் எதுவும் போடலை. ரொம்பக் கெட்டிக்காரி பாருங்க!

ஸ்கிரீனில் ஒரே ஒரு பேர். மல்லிகா.

"மத்தவங்க எல்லாம் எங்கேம்மா? அழிச்சிட்டியா?" – சார் பதறிட்டார்.

அந்த ஏசியிலும் எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. வெறும் DIR அடிச்சேன். அத்தனை பேரும் வரிசையா வந்தாங்க. அப்பாடா... போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் புரிஞ்சது – கம்ப்யூட்டர் யார் வாலையும் வெட்டலை. வாலே இல்லாத ஃபைலை மட்டும் காட்டியிருக்கு.

இதைச் சாருக்கு விளக்கினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "சார், இனிஷியல் இல்லாத பேரை இதுவே ஏத்துக்கிச்சு. நாமதான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டோம்."

சார் கோபப்படப் போறார்னு நினைச்சேன்.

"அந்தப் பொண்ணு ஃபாரத்தை எடும்மா."

இனிஷியல் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. கீழே கையெழுத்து. "மேல இருந்து யாராவது கேட்டா நான் பேசிக்கறேன்."

நான் ஓடிப்போய்ச் சொன்னப்போ மல்லிகா மெஷினை நிறுத்தலை. கையில் இருந்த தையலை முடிச்சா. அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அம்மாகிட்ட சொல்லணும்க்கா"ன்னா.

மெஷின்ல ஒட்ட வேண்டிய பேரையெல்லாம் கடைசியில் நான் கையாலதான் எழுதினேன். எந்த செல்வி யாருன்னு கேட்டுக் கேட்டு!

இந்த வாரம் என் பேருக்கு முன்னால் இனிஷியல் போட வேண்டாம்னு பத்திரிகை ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர், என் வீட்டுக்காரர் – அவர்கிட்டதான் இன்னும் சொல்லலை!