பதினோராம் வகுப்புக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளன்று தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மேசைமேல் இரண்டு புத்தகங்களை வைத்தார். ஒன்று நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். மற்றது சாம்பல் நிற அட்டை. முதலாவதில் பாதி கனம்தான் இருக்கும். இரண்டும் கணக்குப் புத்தகங்கள்.

"எம்.எஸ்ஸி. படிச்சவ நீ ஒருத்திதான். ஆத்துல ஒக்காந்து நிதானமாப் பாத்துட்டு, நம்ம பொண்களுக்கு எது சரியா இருக்கும்னு சொல்லு. ரெண்டு செக்‌ஷனுக்கும் ஒரே புத்தகம்தான். அத ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

பிளஸ் டூ என்ற சொல் எங்கள் யார் நாக்கிலும் இன்னும் ஒட்டாத காலம். அதுவரை எங்கள் மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்கிறவர்கள் பி.யூ.சி.க்குக் கல்லூரிக்குப் போவார்கள். அந்த ஜூனிலிருந்து கல்லூரிப் பாடம் பள்ளிக்கே வரப்போகிறது. அரசுப் பாடநூலோடு பயிற்சிக்கென்று இன்னொரு புத்தகம் வைத்துக்கொள்வது எங்கள் பள்ளி வழக்கம். அதை எப்போதும் எனக்கு மூத்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். மேல்வகுப்பை நடத்தப் புதிதாக நியமிக்கப்பட்ட இரண்டு பேரில் நான் ஒருத்தி என்பதால் இந்தத் தடவை என் தலையில் விழுந்தது.

வாசலில் ஆயா என் கையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா டீச்சர், லீவு வுட்டும் புக்கத் தூக்கினு போறீங்க?"

அவளுக்குப் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. குளத்தங்கரை வழியாக நடக்கும்போதே நீலப் புத்தகத்தைத் திறந்து புரட்ட ஆரம்பித்துவிட்டேன்.

நீலப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் இருபது கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பயிற்சிக் கணக்குகளும் அதே ஜாடைதான். எண்ணை மாற்றிப் போட்டால் விடை வந்துவிடும். சாம்பல் புத்தகம் இரண்டே மாதிரிக் கணக்குகளோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த பக்கத்திலிருந்து வந்தவை அந்த இரண்டுக்கும் உறவே இல்லாதவை.

என் மனம் சாம்பல் புத்தகத்தின் பக்கம் சாய்ந்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. பள்ளியில் கணக்கில் நான்தான் எப்போதும் முதல். பி.யூ.சி. சேர்ந்து எழுதிய முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது. பாடம் தெரியாமல் இல்லை. கேள்வி நான் பழகிய உருவத்தில் வரவில்லை, அவ்வளவுதான். விடைத்தாள் இன்னும் திருத்தித் தரவில்லை என்று வீட்டில் இரண்டு மாதம் பொய் சொன்னேன். நான் பாடம் நடத்தும் பெண்களுக்கு அந்த இரண்டு மாதம் வரக்கூடாது.

இன்னொரு செக்‌ஷனை எடுக்கவிருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ராயப்பேட்டையில் நாலு தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மே முதல் வாரம் அவர் வீட்டுக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் புரட்டிவிட்டு நீலத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதுதான்."

"இது ரொம்பச் சுலபம்க்கா."

"இருக்கட்டுமே. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒக்காருதே ஒரு பொண்ணு, அதுக்குக் கணக்கு வரலைன்னா யாரைக் கேக்கும்? அம்மாவையா? அந்த வீட்டுல பதினொண்ணாவது வரைக்கும் வந்ததே அதுதான். போட்டுக் காட்டின கணக்குதான் அதுக்குத் துணை."

"துணை இருந்தா தனியா நடக்கவே மாட்டாங்களே."

அக்கா இரண்டு புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "முடிவு உன்னுது. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா அழுதா எங்கிட்டதான் வருவாங்க, அது எனக்குத் தெரியும்" என்றார்.

முடிவு செய்வதற்கு முன் சாம்பல் புத்தகத்தின் கணக்குகளை நானே போட்டுப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். கணவர் அலுவலகம் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மூன்று மணி வரை. முதல் மூன்று பாடங்கள் போயின. நாலாவதில் ஒன்று மாட்டிக்கொண்டது. பத்துப் பக்கம் உள்ள ஓர் உருவம். அதன் பத்து முனைகளில் மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கோணங்கள் போட வேண்டும். அந்த உருவத்தின் ஒரு பக்கத்தைக்கூடத் தன் பக்கமாகக் கொள்ளாத முக்கோணங்கள் எத்தனை?

எனக்கு நாற்பது வந்தது. புத்தகத்தின் பின்னால் ஐம்பது என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று முதலில் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. மறுநாளும் நாற்பதுதான் வந்தது. ரசத்தைப் பொங்கவிட்டேன். பால்காரரிடம் என்ன பேசினேன் என்றே தெரியாமல் பேசி அனுப்பினேன். ஜூனில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இது எப்படி?" என்று கேட்டால் கரும்பலகை முன்னால் நான் என்ன செய்வேன்? எம்.எஸ்ஸி.யைத் தபாலில் படித்து வாங்கியவள் நான். அது வேஷம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும் முக்கோணங்கள் பத்து இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிக் கழிக்கும்போது அவற்றை இரண்டு தடவை கழித்துவிட்டேன். அந்தப் பத்தைத் திருப்பிச் சேர்த்தால் ஐம்பது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் கிடைக்காத சந்தோஷம் அது. அன்று பிற்பகலே தலைமையாசிரியை வீட்டுக்குப் போய்ச் சாம்பல் புத்தகம் என்று சொன்னேன்.

"யோசிச்சுதானே சொல்றே?"

"யோசிச்சுதான் சொல்றேன்" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஓடிப்போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

ஆகஸ்டில் முதல் பரீட்சை வைத்தோம். என் செக்‌ஷனில் நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் தேறவில்லை. கொடுத்த விடைத்தாளை ஒவ்வொருத்தியும் மடித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டு, "அரைப்பரீட்சை வரைக்கும் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் அறையைத் தாண்டும்போதெல்லாம் என் நடை தானாக வேகமாகிவிடும்.

செப்டம்பரில் ஒரு பெண் வருவதை நிறுத்தினாள். தி. நகரிலிருந்து வருகிறவள். பத்தாவது வரை கணக்கில் அவளை யாரும் முந்தியதில்லை. ஆகஸ்ட் பரீட்சையில் அவளுக்குப் பதினெட்டு மார்க். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை நானே கிளம்பிப் போனேன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஜவுளிக்கடை, மாடியில் வீடு. அவள் அப்பா எழுந்து நாற்காலி போட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. புத்தகத்தத் தொறந்தா அழுதா, மூடுனா பேசமாட்டேங்கா. எங்க வீட்டுல பத்தாவது தாண்டுன பொம்பளப் பிள்ள இவதான். இதுக்கு மேல முடியலன்னா என்னத்துக்குப் போட்டுப் பாடாப் படுத்தணும்? உங்க மேல குத்தம் சொல்லல."

"அவ நல்லாப் போடறவ. கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்."

"பதினெட்டு மார்க்கு வாங்கியிருக்காளே."

எனக்கு ஒருகாலத்தில் பத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். பரீட்சையில் அவள் தப்பாகப் போட்ட அதே முக்கோணக் கணக்கு எனக்கும் இரண்டு நாள் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கே வராத கணக்கைப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டுவிட்டால்? "யோசிச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், ஒரு பெண்ணின் நோட்டைத் திருத்தும்போது உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. கார்பன் வைத்து எழுதிய பிரதி. கையெழுத்து அக்காவுடையது. தலைப்பில் சாம்பல் புத்தகத்தின் கணக்கு எண்கள் இருந்தன. பக்கத்து நோட்டிலும் ஒன்று. பத்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன், ஏழில் இருந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"என் பொண்ணுங்களுக்கு எனக்குத் தெரியாம விடை எழுதிக் குடுக்கறீங்களாக்கா?"

"விடையா? படிச்சுப் பாத்தியா?"

படிக்கவில்லை. அப்போதுதான் படித்தேன். விடை எங்கும் இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் கீழே இரண்டு மூன்று சின்னக் கேள்விகள்தான். 'முதலில் எல்லா முக்கோணங்களையும் எண்ணு. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் மூன்றாவது முனை எங்கெல்லாம் இருக்கலாம்? எதையாவது இரண்டு தடவை எண்ணினாயா?'

"மொதல்ல நீலப் புக்குலேருந்துதான் எழுதிக் குடுத்தேன்" என்றார் அக்கா. "ரெண்டு வாரம் வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஒருத்தி வந்து, இது வேணாம் டீச்சர், அந்தக் கணக்குல எங்க ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்கன்னா. சரின்னு இதை எழுதினேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"உங்கிட்ட பயம். நீ போர்டுல மூணு வரியில போட்டு முடிச்சிடறே. இது டீச்சருக்குத் தண்ணி பட்ட பாடு, நமக்குத்தான் மண்டையில ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கறாங்க."

"எப்போலேருந்து குடுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"செப்டம்பர் கடைசியில."

தி. நகர்ப் பெண் அதற்குப் பத்து நாள் முன்னால் போயிருந்தாள்.

மறுநாள் காலை வகுப்பில் கரும்பலகையில் நாற்பது என்று எழுதினேன். மே மாதம் எனக்கு வந்த விடை இதுதான், தப்பு எங்கே என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எனக்கும் நாற்பதுதான் டீச்சர்" என்றாள். பிறகு இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்தன. அன்று மணி அடித்த பிறகும் பாடம் நடந்தது.

அரைப்பரீட்சையில் பதினான்கு பேர் தேறவில்லை. முழுப்பரீட்சையில் நாலு பேர். அந்த நாலு பேரின் பெற்றோரிடமும் நானே பேசினேன். அதில் ஒருவர் என்னிடம் கோபமாகத்தான் பேசினார், நியாயமான கோபம். தலைமையாசிரியை, "அடுத்த வருஷத்துக்கும் இதே புத்தகமே இருக்கட்டும். ஆனா அந்தத் தாளையும் சேத்துக் குடுத்துடுங்கோ" என்றார். அக்காவும் நானும் அந்தக் கோடை விடுமுறையில் உட்கார்ந்து எல்லாப் பாடத்துக்கும் கேள்விகள் எழுதினோம்.

அந்த மே மாதமே ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தி. நகர் போக வேண்டியிருந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் அந்தக் கடைக்கே போயிற்று. அவள் கீழே கடையில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் வணிகப் பிரிவில் சேர்ந்துவிட்டதாகவும் வகுப்பில் முதலாவதாக வருவதாகவும் சொன்னாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அம்மா புடவைகளை எடுத்துவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், மத்தவங்களுக்கெல்லாம் அந்தப் புத்தகத்துக் கணக்கு வந்துட்டுதா?"

"வந்துட்டுதும்மா. நெறையப் பேருக்கு."

அவள் கவுண்டர் மேலிருந்த துணியின் மடிப்பைச் சரிசெய்தாள். "இருந்திருந்தா எனக்கும் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்" என்றேன். அவள் அம்மா புடவைகளோடு வந்தார். எதையும் சரியாகப் பார்க்காமலே ஒரு பச்சைப் புடவையைக் காட்டி, இது போதும் என்றேன்.